வில்லு வேட்டையில எத்தன யார்டு வரைக்கும் விடலாம்? உங்க நம்பர நீங்களே கண்டுபிடிக்கிற வழி

"அண்ணே, எத்தன யார்டு வரைக்கும் விடலாம்?" புதுசா காம்பவுண்ட் வில்லு (முனையில சக்கரம் வெச்ச நவீன வில்லு) வாங்குன பசங்க கேக்குற மொத கேள்வியே இதுதான், கூடவே "60 யார்டுல நான் டார்கெட்ட தவற விட்டதே இல்லண்ணே"ன்னு ஒரு பிட்டையும் சேத்துப் போட்டுருவாங்க. 60 யார்டுல (ஒரு யார்டுன்னா 3 அடி) ஃபோம் டார்கெட்ட அடிக்கிறது பெரிய விஷயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த நம்பருக்கும் உயிரோட நிக்கிற மான் மேல அம்பு விடுற நம்பருக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. ஃபோம் நகராது, அதுக்கு காது கேக்காது, தப்பான எடத்துல பட்டா ரெண்டு நாள் புதருக்குள்ள கெடந்து சாகாது.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இது அமெரிக்கா, கனடா மாதிரி லைசென்ஸ் வாங்கி வில்லு சீசன்ல முறையா வேட்டைக்கு போறவங்களுக்கு. இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இது ஜெயிலுக்கு போற சமாச்சாரம், பிரிட்டன்லயும் வில்லால வேட்டையாடுறது சட்டப்படி கெடையாது, அதனால லண்டன்ல இருக்கிறவங்க டார்கெட்டோட நிறுத்திக்கோங்க. நான் சொல்லப்போற கணக்கெல்லாம் வெள்ளைவால் மானுக்கு, அதாவது மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா, ஒன்டாரியோ பக்கம் அக்டோபர் நவம்பர்ல மரத்து மேல ஸ்டாண்டு போட்டு உக்காந்து பாக்குற அந்த மானுக்கு. கொலராடோ பக்கம் எல்க்குங்கிற பெரிய மானுக்கு போறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் வேற, அது ஒடம்பும் பெருசு, எடமும் தொறந்த வெளி.

இந்த கேள்வி இவ்ளோ பெருசானதுக்கு காரணமே காம்பவுண்ட் வில்லுதான். மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966ல விண்ணப்பிச்சு 1969ல அதுக்கு பேட்டன்ட் வாங்கினாரு. அதுக்கு முன்னாடி ரிகர்வ், லாங்போ மாதிரி சக்கரம் இல்லாத பழைய வில்லு வெச்சு போனவங்கள்ல நெறைய பேருக்கு 15, 20 யார்டு தாண்டி யோசிக்கவே பெருசா வழியில்ல, கையே கட்டுப்படுத்திரும். இப்போ கேம் (வில்லு முனையில இருக்கிற சக்கரம்), லெட் ஆஃப் (முழுசா இழுத்தப்புறம் கைக்கு பாரம் கொறையிறது), பீப் (நாண்ல இருக்கிற குறி பாக்குற ஓட்டை), பின் சைட் (குறி வைக்கிற புள்ளி இருக்கிற சைட்), ரிலீஸ் (நாண விடுற கருவி)னு எல்லாம் சேந்து ஆறு மாசம் பழகுன ஆளையே 50 யார்டுல குரூப் போட, அதாவது அம்பெல்லாம் பக்கத்துல பக்கத்துல விழ, வெச்சிருது. வில்லு முன்னேறிருச்சு, மானோட காதும் காலும் அப்படியேதான் இருக்கு.

அதனால யார்டு கணக்க கொஞ்ச நேரம் மறந்துட்டு நொடிக் கணக்கா யோசிங்க. ரிலீஸ் பட்டன அழுத்துன நிமிஷத்துல இருந்து அம்பு போய் சேர்ற வரைக்கும் மானுக்கு எவ்ளோ நேரம் குடுக்குறீங்க, இதுதான் உண்மையான தூரம்.

நொடிக் கணக்கு

ஒரு சராசரி வேட்டை செட்டப்ல அம்பு நொடிக்கு 275 அடி வேகத்துல போகுதுன்னு வெச்சுக்கோங்க. சத்தம் நொடிக்கு சுமார் 1100 அடி. அதாவது நாண் விடுபடுற அந்த "டப்" சத்தம் அம்ப விட நாலு மடங்கு வேகமா மான் காதுக்கு போயிரும். 20 யார்டுல, அதாவது 60 அடியில, அம்பு போய் சேர 0.22 நொடி, சத்தம் 0.05 நொடியிலயே போயிரும். மிச்சம் 0.16 நொடி. 30 யார்டுல அந்த மிச்சம் கால் நொடி. 40 யார்டுல 0.33 நொடி. 60 யார்டுல அரை நொடி.

அரை நொடி என்னடா பெருசுன்னு தோணும். சத்தம் கேட்டு மெரண்ட மான் மேல குதிக்காது, ஓடுறதுக்கு மொதல்ல நாலு காலையும் மடக்கி ஒடம்ப கீழ எறக்கும், ஸ்ப்ரிங்க அமுக்குற மாதிரி, அப்புறம்தான் எகிறும். அந்த எறக்கத்துல அது கிட்டத்தட்ட சும்மா விழுற வேகத்துலதான் கீழ வரும், அதனால ஸ்கூல்ல படிச்ச ஃபிசிக்ஸ் வெச்சே கணக்கு போட்டுரலாம். உதாரணத்துக்கு சத்தம் காதுல பட்டு அது அசையறதுக்கு 0.1 நொடி ஆகுதுன்னு வைங்க. 20 யார்டுல மிச்சம் இருக்கிற நேரத்துல அது எறங்குறது 1 இன்ச் கூட வராது. 30 யார்டுல சுமார் 4 இன்ச். 40 யார்டுல கிட்டத்தட்ட 10 இன்ச்!! நீங்க பாத்து குறி வெச்ச எடம் அம்பு போறதுக்குள்ள 10 இன்ச் கீழ போயிருச்சு, அம்பு முதுகு மேல பறந்து போனா அதிர்ஷ்டம், முதுகெலும்புக்கு பக்கத்துல சதையில மாட்டுனா மானுக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம்.

எல்லா மானும் எல்லா தடவையும் இப்படி எறங்காது. நிறைய தடவ ஒண்ணுமே பண்ணாது, நின்ன எடத்துலயே நிக்கும். ஆனா எது எப்போ எறங்கும்னு உங்களுக்கு தெரியாதுல்ல, அதுதான் பிரச்சன. தூரமா போனா சத்தம் கொறஞ்சிரும், மான் கண்டுக்காதுன்னு ஒரு வாதம் இருக்கு. சத்தம் கொறையும், உண்மைதான், ஆனா அம்போட இறகு காத்துல "ஸ்ஸ்ஸ்"னு கிழிச்சுட்டு வர்ற சத்தம் அதுகிட்ட நெருங்கிட்டே இருக்கும், அமைதியான சாயங்காலத்துல அது நல்லாவே கேக்கும். வேகமான வில்லு வாங்கிட்டா சரியாயிரும்னும் நெனைக்காதீங்க, நொடிக்கு 400 அடி போற கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி புடிச்சு விடுற வில்லு) கூட சத்தத்துக்கு பாதி வேகம் கூட கெடையாது.

நடக்குற மானுக்கும் இதே கணக்குதான். சாவகாசமா மணிக்கு 2 மைல் வேகத்துல நடக்குதுன்னா 20 யார்டுல அம்பு போறதுக்குள்ள 8 இன்ச் நகந்துரும், 40 யார்டுல 15 இன்ச்சுக்கு மேல. தோளுக்கு பின்னாடி வெச்ச குறி வயித்துல போய் நிக்கும். நடக்கிற மான் மேல விடவே வேணாம்னுதான் நான் சொல்லுவேன், 15 யார்டா இருந்தாலும்.

பேப்பர் பிளேட் டெஸ்ட், ஆனா ஒழுங்கா

துப்பாக்கி குண்டு மாதிரி அதிர்ச்சியில அம்பு கொல்லாது. பிராட்ஹெட்டோட, அதாவது அம்பு முனையில மாட்டுற வேட்டைக் கத்தியோட, கூர் பிளேடு ரெண்டு நுரையீரலயும் இல்லன்னா இதயத்தையும் அறுத்து ரத்தம் போய்த்தான் மான் விழும், ரெண்டு நுரையீரலும் போச்சுன்னா பெரும்பாலும் சில நொடியிலயே முடிஞ்சிரும். வெள்ளைவால் மானுக்கு அந்த நுரையீரல் இதயம் ஏரியா பக்கவாட்டுல பாக்கும்போது 8ல இருந்து 10 இன்ச் அகலம். பர்த்டே பார்ட்டியில மிஞ்சுன பேப்பர் பிளேட் கிட்டத்தட்ட அதே சைஸ், அதனாலதான் எல்லாரும் பிளேட்ட டார்கெட்ல குத்தி வெச்சு அடிக்கிறாங்க. பிளேட்டுக்குள்ள விழுந்தா அந்த தூரம் ஓகேன்னு ஒரு பழைய ரூல்.

ரூல் நல்ல ரூல்தான், ஆனா அத டெஸ்ட் பண்ற விதத்துலதான் நம்மாளுங்க ஏமாத்திக்கிறாங்க. டிஷர்ட் போட்டுட்டு, சமதரையில கால அகட்டி நின்னு, முப்பது அம்பு விட்டு கை சூடேறுனப்புறம், கடைசி ஆறு அம்ப ஃபோட்டோ எடுத்து "50 யார்டு குரூப் பாருங்க"ன்னா அது பொய் இல்ல, ஆனா அது வேட்டையும் இல்ல. காட்டுல உங்களுக்கு கெடைக்கிறது ஒரே ஒரு அம்பு. அதுவும் மூணு மணி நேரம் குளிர்ல அசையாம உக்காந்து, தடியான ஜாக்கெட் போட்டு, வெரல் மரத்துப்போயி, நெஞ்சு மத்தளம் கொட்டுறப்போ.

அதனால டெஸ்ட இப்படி மாத்துங்க. காலையில எழுந்து வார்ம் அப் எதுவும் இல்லாம, வேட்டைக்கு போடுற அதே ஜாக்கெட், அதே கிளவுஸ், அதே பிராட்ஹெட் வெச்சு ஒரே ஒரு அம்பு. அவ்ளோதான், அன்னிக்கு டெஸ்ட் முடிஞ்சுது, அப்புறம் எவ்ளோ வேணா பிராக்டீஸ் பண்ணிக்கோங்க ஆனா கணக்குல அந்த மொத அம்பு மட்டும்தான் சேரும். ஒரு நோட்டுல தேதி, தூரம், உள்ளயா வெளியயான்னு எழுதி வைங்க. இன்னிக்கு 20, நாளைக்கு 30, அதுக்கு அடுத்த நாள் 25, இப்படி மாத்தி மாத்தி. சில நாள் ஸ்டூல்ல உக்காந்து விடுங்க, சில நாள் முட்டி போட்டு, முடிஞ்சா ஸ்டாண்டு ஒயரத்துல இருந்து (பாதுகாப்பு பெல்ட்டோட, அத விட்டுராதீங்க, மரத்துல இருந்து விழுந்து அடிபடுறது வேட்டையில ரொம்ப சகஜமான ஆபத்து). சில நாள் வீட்ட சுத்தி ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்து மூச்சு வாங்கும்போதே விடுங்க, மான பாத்ததும் ஒடம்பு நடுங்கும் பாருங்க, அதுக்கு பக்கத்துல வர்ற ஒரே பயிற்சி அதுதான்.

பிராட்ஹெட்டுன்னு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஃபீல்டு பாயின்ட் (பிளேடு இல்லாத பிராக்டீஸ் முனை) போட்டு அடிக்கும்போது வில்லு சரியா ட்யூன் ஆகலன்னாலும், அதாவது அம்பு நேரா கெளம்புற மாதிரி சரி பண்ணலன்னாலும், அம்பு சமாளிச்சுட்டு போயிரும், ஃபிக்ஸ்டு பிளேடு (மடங்காம நிக்கிற பிளேடு) பிராட்ஹெட் போட்டா அந்த பிளேடே முன்னாடி இன்னொரு இறகு மாதிரி காத்த புடிச்சு அம்ப ஒரு பக்கம் இழுத்துரும். 40 யார்டுல ஃபீல்டு பாயின்ட் ஒரு எடம், பிராட்ஹெட் இன்னொரு எடம்னு போறத பாத்தா வில்ல ட்யூன் பண்ணுங்க, சைட்ட மட்டும் நகத்தி சமாளிக்காதீங்க.

ரெண்டு மூணு வாரம் எழுதுனதும் நோட்டே உங்களுக்கு சொல்லிரும். எந்த தூரத்துல மொத அம்பு ஒண்ணு கூட பிளேட்டுக்கு வெளிய போகலயோ அதுதான் உங்க உச்சவரம்பு. பத்துல எட்டு உள்ள விழுதுங்கிறது பரீட்சைக்கு நல்ல மார்க்கு, மானுக்கு அஞ்சுல ஒண்ணு அடிபட்டு ஓடுறதுன்னு அர்த்தம். அந்த உச்சவரம்புலயும் காட்டுக்கு போகும்போது ஒரு 10 யார்டு கொறச்சுக்கோங்க, ஏன்னா பிளேட்டு டெஸ்ட்ல மான் அசையறது சேரல, தூரத்த தப்பா கணிக்கிறதும் சேரல.

60, 70 யார்டுல பிராக்டீஸ் பண்ண வேணாம்னு சொல்லல. தாராளமா பண்ணுங்க, அங்க உங்க ஃபார்ம்ல இருக்கிற சின்ன தப்பு கூட பெருசா தெரியும், அப்புறம் 25 யார்டு கைக்கெட்டுற தூரம் மாதிரி ஆயிரும். பழகுற தூரம் வேற, மான் மேல விடுற தூரம் வேற.

டிரா வெயிட், அதாவது வில்ல இழுக்க வேண்டிய பலம், பத்தி ஒரு வார்த்த. உக்காந்த எடத்துல இருந்து, குளிர்ல, வில்ல வானத்த பாத்து தூக்காம மெதுவா நேரா இழுக்க முடியலன்னா டிரா வெயிட் உங்களுக்கு ஜாஸ்தி. 70 பவுண்டு இழுக்கிறேன்னு பெருமைக்கு வெச்சுக்காம 60க்கோ 55க்கோ எறக்கிக்கோங்க, உங்க ஸ்டேட்ல குறைஞ்சபட்ச வெயிட் எவ்ளோன்னு மட்டும் ரூல் புக்ல பாத்துக்கோங்க. கூர்மையான பிராட்ஹெட் சரியான எடத்துல பட்டா மானுக்கு அந்த பவர் போதும்.

5 யார்டு தப்புக்கு என்ன வெல

அம்பு நேர்கோட்டுல போகாது, வளஞ்சு போயி விழும், தூரம் கூட கூட விழுற வேகமும் கூடும். அதே 275 அடி அம்ப வெச்சு பாத்தா, 20 யார்டுன்னு நெனச்சு 25ல நிக்கிற மான் மேல விட்டா அம்பு சுமார் 2 இன்ச் கீழ போகும். பரவால்ல, பிளேட்டுக்குள்ளதான். 30ன்னு நெனச்சு 35ல விட்டா மூன்றரை இன்ச், அதாவது பிளேட்டோட விளிம்பு. 50ன்னு நெனச்சு 55ல விட்டா 6 இன்ச், பிளேட்டுக்கு வெளிய. தப்பு எல்லா எடத்துலயும் அதே 5 யார்டுதான், வெல மட்டும் ஏறிட்டே போகுது. இதுல உங்க கை நடுக்கம், மான் எறங்குறது எதுவும் சேரல.

லேசர் வெச்சு தூரம் அளக்குற ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கணும், கட்டாயம் இருக்கணும், ஆனா மான் வந்தப்புறம் அத எடுத்து கண்ணுல வைக்கிறதுக்கு நேரமும் இருக்காது, அந்த அசைவே மான ஓட்டிரும். ஸ்டாண்டுல ஏறி உக்காந்ததும் மொத வேல, சுத்தி இருக்கிற அடையாளத்துக்கெல்லாம் தூரம் எடுத்து மனப்பாடம் பண்றது. அந்த வெள்ள பட்ட உரிஞ்ச பிர்ச் மரம் 22, விழுந்து கெடக்கிற மரக்கட்டை 28, ஓடைக்கு எறங்குற பாதை 34. உங்க நம்பர் 30ன்னா 30 யார்டுல சுத்திவர ஒரு கற்பனை வேலி போட்டுருங்க, அந்த மரக்கட்டைய தாண்டி நிக்கிற எதுவும் சும்மா வேடிக்க பாக்குறதுக்குத்தான், எவ்ளோ பெரிய கொம்பா இருந்தாலும். மான் வந்தப்புறம் நின்னு முடிவெடுக்கிற மாதிரி வெச்சுக்காதீங்க, அந்த நேரத்துல மூள வேல செய்யாது, கை சொல்றதத்தான் கேக்கும்.

ரேஞ்ச்ஃபைண்டர்ல இன்னொரு குழி, லேசர் நடுவுல இருக்கிற புல்லு, சுள்ளி மேல பட்டு திரும்பி வந்து 27ன்னு காட்டும், மான் நிக்கிறது 35ல. சந்தேகமா இருந்தா மானுக்கு பக்கத்துல இருக்கிற மரத்து அடிய குறி வெச்சு எடுங்க.

மேல இருந்து கீழ விடும்போது கோணம் பத்தி நெறைய பேர் ரொம்ப கவலைப்படுறாங்க. 20 அடி ஒசரத்துல உக்காந்து 20 யார்டு தள்ளி நிக்கிற மான பாத்தா நேர்கோட்டு தூரம் 21 யார்டு, வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு, தூக்கம் கெடாதீங்க. மலைச் சரிவுலதான் அது கடிக்கும். 30 டிகிரி சரிவுல 40 யார்டு காட்டுற மானுக்கு நீங்க 35க்கு உண்டான மாதிரிதான் விடணும். கோணத்த கணக்கு பண்ணி சொல்ற ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தா வேல சுலபம். மரத்து மேல இருந்து விடும்போது தூரத்த விட பெரிய தப்பு, கைய மட்டும் கீழ எறக்கி விடுறது. இடுப்ப மடக்கி குனிங்க, மேல் ஒடம்பும் கையும் சமதரையில நிக்கிற அதே டி வடிவத்துலயே இருக்கணும்.

நடுவுல நிக்கிற சுள்ளி

இத யாரும் பெருசா சொல்லிக் குடுக்கிறதில்ல. 40 யார்டுக்கு விடுற அம்பு பாதி வழியில, அதாவது 20 யார்டுல, உங்க கண்ணுக்கும் மானுக்கும் நடுவுல இருக்கிற நேர்கோட்டுக்கு சுமார் 8 இன்ச் மேல பறக்கும். பீப் வழியா பாத்தா மான் முன்னாடி ஒண்ணுமே இல்ல, க்ளியர்னு தெரியும். ஆனா 20 யார்டுல ஒரு மெல்லிசு கிளை அந்த 8 இன்ச் மேல தொங்கிட்டு இருந்தா அம்பு அதுல பட்டு எங்கயோ போயிரும்.

கண்டுபிடிக்க சுலபமான வழி உங்க சைட்லயே இருக்கு. 40 யார்டுக்கு உண்டான பின்ன மான் மேல வெச்சுட்டு உங்க 20 யார்டு பின் எங்க இருக்குன்னு பாருங்க. 20 யார்டுல இருக்கிற கிளை மேல அந்த 20 பின் உக்காந்திருந்தா அம்பு அந்த கிளைய அடிக்கும். 30 யார்டுல புதர் இருந்தா 30 பின்ன பாருங்க. கிளைக்கு மேலயோ கீழயோ நல்லா எடம் விட்டு பின் இருந்தா அம்பு தப்பிச்சு போயிரும். வீட்டு பின்னாடி ஒரு கயித்த கட்டி பழைய டவல தொங்க விட்டு இத செஞ்சு பாருங்க, ஒரு தடவ பாத்தா மறக்காது. பல பின் இருக்கிற சைட்டுக்குத்தான் இது, ஒரே பின் நகத்துற சைட்டு வெச்சிருக்கிறவங்க சீசனுக்கு முன்னாடியே ஸ்டாண்ட சுத்தி கிளைய வெட்டி விடுறதுதான் வழி, அதுவும் நெலத்துக்காரர் அனுமதியோட.

மான் என்ன மூடுல இருக்கு

உங்க நம்பர் 30ன்னு நோட்டு சொல்லிருச்சு. அது நிம்மதியா மேயுற மானுக்கு. தல கீழ, வால் அப்பப்போ சாவகாசமா இடமும் வலமும் ஆடுது, காது ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிட்டு இருக்குன்னா அது நிம்மதியா இருக்கு. கழுத்து விறைப்பா தூக்கி, ரெண்டு காதும் உங்க பக்கமே திரும்பி நின்னு, முன்னங்கால தூக்கி தரையில "டொக்"குன்னு ஒரு மிதி மிதிச்சா அதுக்கு ஏதோ புரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஒரு வேல பண்ணும் பாருங்க, மேயுற மாதிரி தலைய பாதி கீழ எறக்கிட்டு சட்டுனு தூக்கி உங்கள பாக்கும், அசைவு தெரியுதான்னு செக் பண்ணுது. அந்த மான் 20 யார்டுல நின்னாலும் விடாதீங்க, அது ஏற்கனவே ஓடுறதுக்கு ரெடியா நிக்குது, நாண் சத்தம் வெறும் சிக்னல்தான். குறி வெச்ச மான் மட்டும் இல்ல, பக்கத்துல நிக்கிற வயசான பெண் மான் உங்கள மொறச்சுட்டு இருந்தாலும் அதே கணக்கு, அது எகிறுன அடுத்த நொடி எல்லாமே எகிறும்.

நடந்து போற மான நிறுத்துறதுக்கு வாயாலயே மெதுவா ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் குடுப்பாங்க. நிக்கும், ஆனா எதுக்கு நிக்குது? சத்தம் எங்கேந்து வந்துச்சுன்னு கேக்குறதுக்கு, அதாவது இப்போ அதோட முழு கவனமும் உங்க பக்கம். 20 யார்டுக்குள்ள இருந்தா நிறுத்தி விடலாம், மானுக்கு எறங்க நேரம் பத்தாது. 30, 35ல நிறுத்துனா நீங்களே அத உஷார் பண்ணி விட்ட மாதிரி. தானா நிக்கிற வரைக்கும் பொறுத்துக்கோங்க, நிக்கலன்னா போகட்டும்.

குறி வைக்கும்போது மார்பு ஏரியாவுக்கு நட்டநடுவுல வைக்காம கீழ் மூணுல ஒரு பங்குல, இதயம் இருக்கிற மட்டத்துல வைக்கிறது நல்ல பழக்கம். மான் அசையலன்னா இதயம், எறங்குச்சுன்னா நுரையீரல். எறங்கும்னு நெனச்சு வயித்துக்கு கீழ காத்துல குறி வைக்கிற வேலையெல்லாம் வேணாம், அது லாட்டரி.

நிக்கிற கோணம், அப்புறம் ரொம்ப கிட்ட வர்ற மான்

பக்கவாட்டுல நிக்கணும், இல்லன்னா கொஞ்சம் உங்கள விட்டு விலகி திரும்பி நிக்கணும். விலகி நிக்கும்போது அம்பு உள்ள போற எடத்த பாக்காம, அந்தப் பக்கத்து முன்னங்கால் வழியா வெளிய வரணும்னு நெனச்சு குறி வைங்க, சரியா வந்துரும். உங்கள பாத்து நேரா நிக்கிறது, பாதி உங்க பக்கம் திரும்பி நிக்கிறது, பின்பக்கம் காட்டி நிக்கிறது, இதெல்லாம் எந்த தூரத்துலயும் கெடையாது, 10 யார்டா இருந்தாலும்.

தூரத்துக்கு மேல் வரம்பு இருக்கிற மாதிரி கீழ் வரம்பும் ஒண்ணு இருக்கு, இத நெறைய பேர் யோசிக்கிறதே இல்ல. 20 அடி மரத்துல உக்காந்திருக்கீங்க, மான் மரத்துக்கு 5 யார்டு பக்கத்துல வந்து நிக்குது. ஆஹா கையில மாட்டிருச்சுன்னு தோணும். ஆனா அம்பு 50 டிகிரி கிட்ட செங்குத்தா எறங்கும், பெரும்பாலும் ஒரு நுரையீரல் மட்டும்தான் அறுபடும். ஒரு நுரையீரலோட மான் ரொம்ப தூரம் ஓடும், சில சமயம் கெடைக்கவே கெடைக்காது. அசையாம உக்காருங்க, அது 15, 20 யார்டு நடந்து போயி விலகி திரும்புறப்போதான் உங்க சான்ஸ்.

அன்னன்னிக்கு நம்பர் மாறும்

எந்த வில்லா இருந்தாலும் நம்பர கல்வெட்டுல செதுக்கி வைக்க முடியாது. நல்ல காத்து அடிக்குது, மரம் ஆடுது, ஸ்டாண்டும் ஆடுதுன்னா 30 வந்து 20 ஆகும். வெளிச்சம் கொறையும்போதும் அப்படித்தான். நெறைய ஸ்டேட்ல சூரியன் மறஞ்சு அரை மணி நேரம் வரைக்கும் சட்டப்படி விடலாம், ஆனா மேகமூட்டமா இருந்தா காட்டுக்குள்ள அதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே பீப் ஓட்டை வழியா பாத்தா கருப்பா ஒரு உருவம்தான் தெரியும், தோள் எது வயிறு எதுன்னு பிரியாது. ரோமம் தனியா தெரியலன்னா அன்னிக்கு கட முடிஞ்சுது.

நேரா கேட்டீங்கன்னா என் கருத்து இதுதான். ரிகர்வ், லாங்போ ஆளுங்க 15, நல்லா பழகுனவங்க 20. காம்பவுண்ட்ல மொத வருஷம் 20, அதுக்கு மேல ஒரு யார்டு கூட வேணாம். ரெண்டு மூணு சீசன் போனவங்க நோட்டுல ஒழுங்கா மார்க் வாங்கி இருந்தா 30. 40ங்கிறது நிம்மதியா மேயுற மான், காத்து இல்ல, பக்கவாட்டுல நிக்குது, தூரம் ரேஞ்ச்ஃபைண்டர்ல எடுத்தது, எல்லாம் சேந்து வந்தா மட்டும். அதுக்கு மேல வெள்ளைவால் மானுக்கு விடுறவங்க திறமைசாலிங்களா இருக்கலாம், ஆனா 0.4 நொடிக்கு மேல மான் நிக்குமா நிக்காதாங்கிறது அவங்க திறமையில இல்ல. எல்க்குக்கு இன்னும் கொஞ்சம் தூரம்னு மேற்கு பக்கம் சொல்றவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா அந்த பழக்கத்த அப்படியே மிச்சிகன் காட்டுக்கு கொண்டு வராதீங்க.

விட்டாச்சு, அப்புறம்

அம்பு பட்ட எடத்த கண்ணால புடிச்சு வைங்க, மான் கடைசியா எந்த மரத்துக்கு பின்னாடி மறஞ்சதுன்னு மனசுல குறிச்சுக்கோங்க, எறங்கி ஓடாதீங்க. நுரையீரல்ல பட்டது நல்லா தெரிஞ்சாலும் அரை மணி நேரம் உக்காருங்க. அப்புறம் எறங்கி அம்ப பாருங்க. ரோஸ் கலர்ல நுரையோட ரத்தம்னா நுரையீரல், பக்கத்துலயே கெடக்கும். கருஞ்சிவப்பா இருந்தா கல்லீரலா இருக்கலாம், நாலுல இருந்து ஆறு மணி நேரம் விட்டுருங்க. பச்ச கலர்ல ஏதாவது ஒட்டிட்டு நாத்தம் வந்தா வயிறு, எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்க. சீக்கிரம் போனா படுத்திருக்கிற மான எழுப்பி விட்டு இன்னும் ஒரு மைல் ஓட வெப்பீங்க. வயித்துல பட்டதா சந்தேகம் வந்துட்டா நீங்களா தேடி ரத்தத் தடத்த மிதிச்சு கலைக்கிறதுக்கு முன்னாடி மோப்ப நாய் வெச்சு தேடிக் குடுக்கிறவங்கள கூப்பிடுங்க, பல ஸ்டேட்ல கயித்துல கட்டுன நாய் வெச்சு தேட அனுமதி இருக்கு, நெறைய பேர் பெட்ரோல் காசுக்கே வருவாங்க. உங்க ஊர்ல அது சட்டப்படி ஓகேவான்னு பாத்துட்டு, பக்கத்துல இருக்கிற ரெண்டு பேரோட நம்பர சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே ஃபோன்ல போட்டு வெச்சுக்கோங்க, ராத்திரி ஏழு மணிக்கு சிக்னல் இல்லாத காட்டுக்குள்ள நின்னுட்டு தேடிட்டு இருக்க முடியாது.